தடயத்தை அழிக்காதே, தம்பி

அன்புத் தம்பிக்கு,

‘நாட்மச் விழுந்தால் எழுப்புவது எப்படி?’ என்று நீ எழுதி அனுப்பிய கட்டுரை கிடைத்தது. நாலு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போகிறது. மெயிலை இண்டெக்ஸ் செய்து தேடித் தரும் நாட்மச், மெயிலுக்கு ஒரு கோப்பாக அடுக்கும் மெயில்டிர், நாட்மச்சின் அடியில் இருக்கும் தேடல் நூலகமான ஸேப்பியன் எல்லாம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் நேராகச் சண்டைக்கே வருகிறேன்.

ஆறாம் பக்கத்தில், உன் திரையில் வந்ததை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறாய். நாட்மச் மெயில்களை எண்ணிக்கொண்டே போகிறது. ஒரு லட்சத்துப் பதினோராயிரத்தைத் தாண்டுகிறது. அடுத்த வரியில் ஒரே ஒரு சொல்: ‘கில்டு’. அதற்குக் கீழே நீ எழுதியிருப்பது, ‘நாட்மச் மறுபடியும் செக்மென்டேஷன் ஃபால்ட் அடித்தது.’

எங்கே அடித்தது? நீ ஒட்டிய எழுத்தை நீயே படிக்கவில்லையே!

செக்மென்டேஷன் ஃபால்ட் என்றால் ஷெல் அந்தப் பெயரையே சொல்லும். எக்ஸிட் கோடு 139 வரும், அதாவது 128உடன் 11ஆம் சிக்னல். நிரல் தானாகவே ‘இதற்கு மேல் முடியாது’ என்று அபார்ட் ஆனால் 134, அது 6ஆம் சிக்னல். ‘கில்டு’ என்று வந்தால் 137, அது 9ஆம் சிக்னல். அந்தச் சிக்னல் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வரும். 1 ஜிபி ராம் உள்ள உன் வாடகை சர்வரில், நடு ராத்திரியில், வேறு யார் அனுப்புவார்கள்? கர்னல்தான். மெமரி தீர்ந்துபோனால் எந்த ப்ராசஸைக் கொல்வது என்று கர்னல் கணக்குப் போட்டுக் கொல்லும். கொன்றதை மறைக்கவும் செய்யாது. ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று தொடங்கி, ப்ராசஸின் பெயர், எண், அது எவ்வளவு மெமரி பிடித்திருந்தது என்பது வரை கர்னல் பதிவில் எழுதி வைக்கும். உன் கட்டுரையில் அந்தப் பதிவைத் திறந்து பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை.

அதற்குப் பதிலாக ஜிடிபி என்ற டீபக்கர் பற்றி மூன்று பக்கம். நிரல் விழும் நேரத்து மெமரியின் நகலான கோர் கோப்பு வரவைக்க என்னென்னவோ செய்திருக்கிறாய். கடைசியில், ‘கோர் கோப்பு உருவாகவே இல்லை, சர்வர் அமைப்பில் ஏதோ கோளாறு’ என்று கையை விரித்துவிட்டாய். கோளாறு ஒன்றும் இல்லை. 9ஆம் சிக்னலில் செத்த ப்ராசஸுக்கு கோர் கோப்பு எழுதப்படுவதே கிடையாது. கோர் வராததே உனக்கு ஒரு துப்பு. அதைக் கோளாறு என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டாய்.

இதைக்கூட மன்னிப்பேன். அவசரத்தில் கண்ணில் படாமல் போகும். எனக்கு ரத்தம் கொதித்தது எட்டாம் பக்கத்தில். ‘தீர்வு’ என்று தடித்த எழுத்தில் தலைப்புப் போட்டு, அதன் கீழே ஒரு ஷெல் லூப். நாட்மச் விழுந்தால் ஐந்து விநாடி தூங்கு, மறுபடி ஓட்டு, வெற்றி கிடைக்கும்வரை விடாதே. ராத்திரி முழுக்க ஓடியது என்று நீயே எழுதியிருக்கிறாய். முடிந்ததா என்றால் முடியவில்லை. பிறகு எதற்கு அதற்குத் தீர்வு என்று பெயர்?

ஏன் முடியவில்லை என்று யோசித்தாயா? இப்போதைய பதிப்புகளில் நாட்மச் சுமார் 8000 மெயிலுக்கு ஒருமுறைதான் வேலையை டிஸ்கில் உறுதியாக எழுதும். நடுவில் கர்னல் கொன்றால், கடைசியாக எழுதிய இடத்துக்குத் திரும்பி அங்கிருந்து மறுபடி தொடங்கும். ஆளைக் கொல்லும் மெயில் அந்த 8000க்குள் உட்கார்ந்திருந்தால் உன் லூப் விடிய விடிய அதே மெயிலிடம் போய் அதே அடியை வாங்கிக்கொண்டிருக்கும். சிபியு சூடானதுதான் மிச்சம். அந்த எண்ணை அமைப்பில் 100ஆகக் குறைத்து ஒருமுறை ஓட்டியிருந்தால் பாதி விஷயம் அங்கேயே தெரிந்திருக்கும். 100இல் பிழைத்தால், பல மெயில்கள் சேர்ந்து மெமரியை நிரப்புகின்றன. 100இலும் செத்தால், குற்றவாளி ஒரே மெயிலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

லூப் தோற்றதும் நீ செய்ததுதான் எனக்குப் பொறுக்கவே முடியாதது. ‘டேட்டாபேஸ் கெட்டுப்போயிருக்கலாம்’ என்று ஊகித்து, அந்த அடைவை அப்படியே அழித்துவிட்டாய். போதாததற்கு வாசகருக்கும் அதையே சொல்லிக் கொடுக்கிறாய். ‘டேக்குகள் போய்விடும், மறுபடி போட்டுக்கொள்ளலாம்’ என்று அடைப்புக்குறிக்குள் ஒரு சமாதானம்! தம்பி, நாட்மச்சில் டேக்குகள் வாழும் இடமே அந்த டேட்டாபேஸ்தான். படித்தது, பதில் போட்டது, நட்சத்திரமிட்டது மாதிரி ஒரு சில மட்டும் மெயில்டிர் கோப்புப் பெயரின் வாலில் எழுத்தாகச் சேரும். ‘வரிக் கணக்கு’, ‘வீட்டுக் கடன்’, ‘அப்பா ஆஸ்பத்திரி’ என்று ஒருவர் வருஷக்கணக்கில் கையால் ஒட்டியவை வேறெங்கும் கிடையாது. டம்ப் என்று ஒரு கட்டளை அதற்காகவே இருக்கிறது. எல்லா டேக்கையும் சாதாரண எழுத்துக் கோப்பாக எடுத்துக் கொடுக்கும், பிறகு ரீஸ்டோர் செய்துகொள்ளலாம். அதை எடுக்காமல் அழிக்கச் சொல்வது அடுத்தவர் வீட்டுப் பத்திரத்தைக் குப்பையில் போடச் சொல்வதுபோல. கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க ஸேப்பியனோடு ஒரு சோதனைக் கருவியே வருகிறதே, அதையாவது ஓட்டியிருக்கலாமே. ‘இருக்கலாம்’ என்ற ஊகத்தை நம்பி யாராவது அழிப்பார்களா?

அழித்தும் பயனில்லை. புது டேட்டாபேஸும் அதே இடத்தில் விழுந்தது என்று பத்தாம் பக்கத்தில் நீயே சொல்கிறாய். அதற்குப் பிறகு போகிற போக்கில் ஒரு வரி: ‘ரூட்டுக்கு வரும் க்ரான் மெயில் ஃபோல்டர் தேவையில்லாதது என்பதால் அதை வேறிடத்துக்கு நகர்த்தினேன். இப்போது ஓடுகிறது.’

மற்ற பக்கங்களையெல்லாம் கிழித்துப் போட்டாலும் இந்த ஒரு வரி போதும். விடை கையில் கிடைத்தது, நீ அதைத் தூரப் போட்டுவிட்டாய்!

நானாக இருந்தால் அந்த ஃபோல்டரில் கோப்புகளை அளவு வாரியாக வரிசைப்படுத்திப் பார்ப்பேன். மெயில்டிரில் ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு என்பதால் அது ஒரே கட்டளை. உச்சியில் பத்து, இருபது, நாற்பது எம்பி என்று ஏதோ ஒன்று நிற்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். குறித்த நேரத்தில் க்ரான் ஓட்டும் வேலை திரையில் என்ன கக்கினாலும் அது மெயிலின் உடலாகவே வந்து சேரும். யாரோ ஒரு ஸ்கிரிப்டில் டீபக்கை அணைக்க மறந்திருப்பார்கள். அந்த லாக் இணைப்பாக வந்திருந்தால் உனக்கு இந்தத் தொல்லையே இல்லை. நாட்மச் இணைப்பின் பெயரைக் குறித்துக்கொண்டு உள்ளே போகாமல் நகர்ந்துவிடும். நாற்பது எம்பி பிடிஎஃப் வந்தால் அது அசராது. நாற்பது எம்பி வெறும் எழுத்து உடலாக வந்தால்தான் ஒவ்வொரு சொல்லாக எடுத்து, எத்தனையாவது இடத்தில் வந்தது என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். லாக் கோப்பில் நேரம், செஷன் எண், ஹாஷ் என்று வரிக்கு வரி புதுப்புதுச் சொற்கள். அத்தனையும் டிஸ்கில் எழுதும்வரை ராமில்தான் நிற்க வேண்டும். 1 ஜிபி எம்மாத்திரம்?

அந்த மெயிலைக் கண்டுபிடித்த பிறகு தனியாக ஒரு கன்ஃபிக் கோப்பு, தனியாக ஒரு டேட்டாபேஸ், உள்ளே அந்த ஒரே மெயில் என்று வைத்துக்கொள். யூலிமிட்டில் மெமரிக்கு ஒரு வரம்பு போட்டு ஓட்டு. கர்னல் வந்து கொல்வதற்கு முன்பே மெமரி கிடைக்காமல் நிரல் தன் கையாலேயே விழும். நீ மூன்று பக்கம் எழுதிய ஜிடிபி அப்போதுதான் வேலைக்கு ஆகும்.

குற்றவாளி பெரிய மெயிலாக இல்லாமல் ஏடாகூடமான மெயிலாகவும் இருக்கலாம். அப்போது பாதிப் பாதியாகப் பிரிக்க வேண்டியதுதான். மெயில் மூட்டையை ஹார்டுலிங்க் போட்டு நகல் எடுத்தால் டிஸ்க் இடம் ஏறாது. பாதியை ஓட்டு, விழுந்தால் அதில், விழாவிட்டால் மற்றதில். ஒரு லட்சத்துப் பதினோராயிரம் மெயில் என்றாலும் 17 முறை பிரித்தால் ஒற்றை மெயில் கையில் இருக்கும். கிடைத்த மெயிலையும் இதே மாதிரி வெட்டிக்கொண்டே போய் விழவைக்கும் நாலு வரியை மட்டும் மிச்சம் வைக்கலாம். ஆண்ட்ரியாஸ் ஸெல்லர் 1999இல் இதை டெல்டா டீபக்கிங் என்று ஒழுங்கான முறையாகவே எழுதி வைத்தார். அவர் எழுதுவதற்கு முன்பே சர்வர் அறைகளில் கையால் செய்துகொண்டிருந்தவர்கள் உண்டு.

அப்படி ஒருவரிடம்தான் நான் வேலை கற்றேன். பெயர் வேண்டாம், எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அப்போது எங்கள் மெயிலெல்லாம் எம்பாக்ஸில், ஒருவருடைய அத்தனை கடிதமும் ஒரே கோப்பில். வரியின் தொடக்கத்தில் ‘ஃப்ரம்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் வந்தால் அங்கே புது மெயில் தொடங்குகிறது என்று அர்த்தம். கடிதத்தின் நடுவில் யாராவது ஒரு வாக்கியத்தை அந்தச் சொல்லில் தொடங்கி, அதற்கு முன்னால் காப்புக் குறி விழாமல் போனால், ஒரு கடிதம் இரண்டாகக் கிழிந்துவிடும். க்யூமெயில் எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டீன் 1990களில் மெயில்டிரைக் கொடுத்த பிறகுதான் நிம்மதியானோம். தமிழ்க் கடிதங்கள் வேறு திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துமுறையில் வரும். தலைப்பில் ‘எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட்’ என்று இருக்கும், சிலசமயம் ஐரோப்பிய எழுத்துமுறை என்று பொய்யே சொல்லும். கண்ணுக்குத் தமிழ், தேடினால் ஒன்றும் அகப்படாது.

அண்ணாச்சி தன் கணினியில் ஓர் அடைவு வைத்திருந்தார். பெயர் ‘சுடுகாடு’. எந்த நிரலையாவது வீழ்த்திய மெயில் ஒன்று கிடைத்தால் போதும், அதன் ஒரு பிரதி அங்கே போகும். பாதியில் அறுந்த பேஸ்64, எல்லைக்கோடு மூடாத மல்டிபார்ட், ஒன்றுக்குள் ஒன்றாக ஃபார்வர்டு ஆகி ஆகி அடியாழம் தெரியாத கடிதம், எந்த எழுத்துமுறை என்றே புரியாத ஸ்பாம் எல்லாம் அங்கே கிடக்கும். புது நிரலோ புதுப் பதிப்போ வந்தால் முதலில் சுடுகாட்டில் ஓட்டுவார். அதைத் தாண்டி உயிரோடு வந்தால்தான் சர்வருக்குள் அனுமதி. அவரிடம் போய், ‘ரீஸ்டார்ட் பண்ணினேன், சரியாகிவிட்டது’ என்று யாராவது சொன்னால் அன்று பூராவும் பேசமாட்டார்.

அவர் கிறுக்கில்லை. ஜப்பானிய ஐஎஸ்ஓ-2022-ஜேபி-3 எழுத்துமுறை என்று சொல்லிக்கொண்டு பிழையான பைட்டுகள் வந்தால், சி நூலகமான கிளிப்சி 2.32 வரைக்கும் அதிலிருந்த எழுத்துமாற்றி ஐகான்வ் ஓர் அஸெர்ஷனில் தோற்று முழு நிரலையும் அபார்ட் செய்துவிடும். 2021இல் அதற்குப் பாதுகாப்புக் குறை எண்ணே கொடுத்தார்கள். மெயில் நிரல் ஒரு தப்பும் செய்யவில்லை. எழுத்தை மாற்றித் தரச் சொல்லி சி நூலகத்தை நம்பியது, அவ்வளவுதான். இப்படியொரு மெயில் உன் பெட்டிக்கு வந்திருந்து, நீ அதை ‘தேவையில்லாதது’ என்று நகர்த்தியிருந்தால்? ஓட்டை அப்படியே திறந்தே கிடந்திருக்கும்.

இனி என் பழைய பல்லவி. நீ ஏற்கெனவே கேட்டதுதான், மறுபடி கேள். சத்தம்போட்டுச் சாகும் நிரலைப் பார்த்து எனக்குப் பயமே கிடையாது. சத்தமில்லாமல் விட்டுவிட்டுப் போகும் நிரலைப் பார்த்தால்தான் பயம். உன் கட்டுரையின் கடைசி வரியில், ‘இப்போது எல்லா மெயிலும் இண்டெக்ஸ் ஆகிவிட்டது’ என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். உனக்கு எப்படித் தெரியும்? ஒரு சோதனை சொல்கிறேன், செய்து பார்.

ஸேப்பியனில் உரையைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதி, 64 பைட்டுக்கு மேல் நீளமான சொல்லை இயல்பாகவே ஒதுக்கிவிடும். எச்சரிக்கையும் வராது, பிழைச் செய்தியும் வராது. ஆங்கிலத்துக்கு 64 எழுத்து, ஏராளம். யூடிஎஃப்-8இல் தமிழுக்கு ஒரு குறியீட்டுக்கு 3 பைட், புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாகக் கணக்கு. ஆக 21 குறியீடுதான் அளவு. ‘எழுதிக்கொண்டிருந்தார்’ என்பதை எண்ணிப் பார்: 21 குறியீடு, 63 பைட். மயிரிழையில் உள்ளே வந்துவிடும். ‘எழுதிக்கொண்டிருந்தார்கள்’ 24 குறியீடு, 72 பைட். அது இண்டெக்ஸில் கிடையாது. ஒருவர் எழுதிக்கொண்டிருந்தால் அகப்படுவார், நாலு பேர் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தால் அகப்படமாட்டார்கள்! நாம் எதையும் சேர்த்துச் சேர்த்து எழுதும் ஆட்கள். நம் பெட்டிகளிலிருந்து இப்படிக் காணாமல் போகும் சொற்கள் எத்தனை இருக்கும்? இதற்காக ஒரு நிரலும் விழவில்லை. விழாததால்தான் யார் கண்ணிலும் படவில்லை. இவ்வளவுக்கும் அந்த எல்லையை ஸேப்பியனைப் பயன்படுத்தும் நிரல் உயர்த்திக்கொள்ள வழி இருக்கிறது. நீளமான தமிழ்ச் சொல்லைத் தேடிவிட்டு ‘கிடைக்கவில்லையே’ என்று யாராவது புகார் எழுதினால்தானே உயர்த்துவார்கள்?

திட்டியது போதும். கடைசி இரண்டு பக்கத்துக்கு வருகிறேன். ரகசியமான மெயிலைப் பிறருக்குக் காட்டக்கூடியதாக மாற்றும் அந்தச் சின்ன ஸ்கிரிப்ட். தலைப்புகளின் பெயரைத் தொடவில்லை. மைம் எல்லைக்கோடுகளைத் தொடவில்லை. வரியில் எழுத்துகளின் எண்ணிக்கை மாறவில்லை. எழுத்தை மட்டும் ‘எக்ஸ்’ ஆக்கிவிடுகிறாய். ஆளின் பெயர், பேச்சு, கணக்கு எல்லாம் போய், கடிதத்தின் எலும்புக்கூடு மட்டும் நிற்கிறது. பிரமாதம், தம்பி! இத்தனை வருஷத்தில் இவ்வளவு சிக்கனமாக இதை யாரும் செய்து நான் பார்க்கவில்லை. ‘சொந்த மெயில், எப்படிக் காட்டுவது’ என்ற கூச்சத்தில்தான் பாதிப் பேர் புகாரே எழுதுவதில்லை. அந்தக் கூச்சத்துக்கு நீ மருந்து கண்டுபிடித்துவிட்டாய். அண்ணாச்சி இருந்திருந்தால் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்திருப்பார். அவர் யாருக்கும் டீ வாங்கிக் கொடுப்பவரில்லை. இதை எழுதியவனும் அந்த லூப்பை எழுதியவனும் ஒரே ஆள் என்று நம்பத்தான் முடியவில்லை.

இரண்டு ஓட்டை அதில் இருக்கிறது, அடைத்துவிடு. எல்லா எழுத்தும் ‘எக்ஸ்’ ஆனால், ஒரே நீளமுள்ள சொற்களெல்லாம் ஒரே சொல்லாகிவிடும். லட்சம் வெவ்வேறு சொற்கள் மெமரியை நிரப்பிய மெயில், உன் ஸ்கிரிப்ட் வழியாகப் போனதும் சில டஜன் சொற்களோடு சாதுவாகிவிடும்; நோய் தெரியாது. ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் அதே நீளத்தில் வெவ்வேறு உளறலைப் போடு. இரண்டாவது, தமிழ் எழுத்தை ‘எக்ஸ்’ ஆக்கினால் 3 பைட் 1 பைட்டாகச் சுருங்கும். நான் மேலே சொன்ன 64 பைட் விவகாரம் மாதிரியான குறை எதுவும் அதற்குப் பிறகு வெளியே தெரியாது. தமிழுக்குத் தமிழ் எழுத்தையே போடு.

கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் எட்டாம் பக்கத்தை எடுத்துவிடு. டேட்டாபேஸை அழிக்கச் சொன்ன இடத்தில் டம்ப் எடுக்கச் சொல். நகர்த்திவைத்த க்ரான் ஃபோல்டரை நீக்கிவிட்டாயா, இன்னும் இருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே அந்தப் பெரிய மெயிலைத் தேடி எடு. திருத்திய ஸ்கிரிப்டில் அதைப் போட்டு, எக்ஸிட் கோடு, கர்னல் பதிவின் வரி, நாட்மச், ஸேப்பியன் இரண்டின் பதிப்பு எண்களோடு நாட்மச்காரர்களுக்கு ஒரு புகார் எழுது. பிரதி ஒன்றை எனக்கும் அனுப்பு. என்னிடமும் ஒரு சுடுகாடு இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்